கடைசி நல்ல துண்டிலிருந்து அடுத்த நல்ல துண்டு வரை

ஒரு வேலையை முடித்து அடுத்த வேலைக்கு மாற எவ்வளவு நேரம் ஆகிறது என்று எந்தத் தொழிற்சாலையில் கேட்டாலும் பதில் உண்மையைவிடக் குறைவாகவே வரும். யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தன் கை பட்ட நேரத்தை மட்டும் கணக்கில் வைத்திருக்கிறார்கள். டை (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றுபவர் பழைய டையின் போல்ட்டைக் கழற்றியதிலிருந்து புதிய டையின் போல்ட்டை இறுக்கியது வரை சொல்வார். டையைத் தேடிய நேரம் ஸ்டோர்ஸ் கணக்கு, கிரேனுக்கு நின்றது பராமரிப்புப் பிரிவின் கணக்கு, முதல் துண்டுக்கு ஒப்புதல் வரக் காத்திருந்தது தரப்பிரிவின் கணக்கு. இயந்திரத்துக்கு இந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது. அது சும்மா நிற்கிறது.

அதனால் அளக்கும் முறை ஒன்றே ஒன்றுதான்: பழைய வேலையின் கடைசி நல்ல துண்டு விழுந்த நொடியில் கடிகாரம் தொடங்குகிறது, புதிய வேலையின் முதல் நல்ல துண்டு விழுந்து, இயல்பான வேகத்தில் ஓட்டம் பிடிக்கும்போது நிற்கிறது. நடுவில் விழுந்த கழிவுத் துண்டுகள், தேநீர் இடைவேளை, கையெழுத்துக்காக நின்றது எல்லாமே உள்ளே. இப்படி அளந்தால், 'அரை மணி நேரம்' என்று சொல்லப்பட்டது ஒன்றரை மணி நேரமாக வந்து நிற்பது சாதாரணம்.

இந்த மாற்று நேரத்தை, அதாவது செட்டிங் நேரத்தை, உற்பத்திக் கூடத்தின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அறுவை அரங்கில் ஒரு நோயாளி வெளியே போய் அடுத்தவர் உள்ளே வருவது, விமானம் வந்து நின்று மறுபடி கிளம்புவது, அச்சகத்தில் ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்குத் தகடும் மையும் மாறுவது, மென்பொருளின் புதிய பதிப்பு பயனருக்குப் போய்ச் சேர்வது எல்லாம் இதே கணக்குதான். பெயர் மட்டும் வேறு வேறு.

இதை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தவர் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ. 1950இல் ஹிரோஷிமாவில் உள்ள டோயோ கோக்யோ ஆலையில் (பின்னாளில் மஸ்தா) பெரிய பிரஸ்களை (தகட்டை அழுத்தும் இயந்திரங்களை) கவனித்துக்கொண்டிருந்தபோது, டை மாற்றுகையில் ஒரு போல்ட்டைக் காணவில்லை. ஆபரேட்டர் அதைத் தேடி ஒரு மணி நேரத்துக்கு மேல் அலைந்தார். அதுவரை பிரஸ் நின்றது. அந்த ஆலையில் புதிய பிரஸ் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அங்கிருந்துதான் அவருடைய அடிப்படைப் பிரிவினை வந்தது: இயந்திரம் நின்றால் மட்டுமே செய்ய முடிகிற வேலை ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய வேலை இன்னொன்று. போல்ட் தேடுவது இரண்டாவது வகை. அதை முதல் வகையில் செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

1969இல் டொயோட்டாவின் பிரதான ஆலையில் 1,000 டன் பிரஸ் ஒன்றுக்கு டை மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனில் அதே மாதிரி பிரஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். ஷிங்கோவும் ஆலையாட்களும் ஆறு மாதம் உழைத்து அதை 90 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நிர்வாகம் திருப்தி அடையவில்லை, மூன்று நிமிடமாக்கச் சொன்னது. அடுத்த மூன்று மாதத்தில் அதுவும் ஆயிற்று. டை மாற்றம் ஒற்றை இலக்க நிமிடத்துக்குள், அதாவது பத்துக்குக் கீழே முடிய வேண்டும் என்ற 'ஸ்மெட்' (SMED, Single-Minute Exchange of Die) முறைக்குப் பெயர் அப்படித்தான் வந்தது.

நான்கு மணி நேரம் மூன்று நிமிடமானது என்றவுடன் எல்லாரும் நினைப்பது ஓட்டத்தை, வியர்வையை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது இங்கே அப்படியே பொருந்தும். நன்றாக நடக்கும் டை மாற்றத்தைப் பார்த்தால் யாருமே அவசரப்படுவதில்லை. யாரும் எதையும் தேடுவதும் இல்லை. வேலை குறையவில்லை, நின்ற நேரத்திலிருந்து ஓடும் நேரத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

முதலில் படம் எடுங்கள்

வீடியோ எடுக்காமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். இயந்திரம் முழுக்கத் தெரியும்படி அசையாத கேமரா ஒன்று, ஆபரேட்டர் போகும் இடமெல்லாம் கூடவே போகும் கேமரா ஒன்று. இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் நேரம் தொலைவது இயந்திரத்தின் அருகில் அல்ல, அலமாரிக்கும் ஸ்டோர்ஸுக்கும் இடையில். தரைப்படத்தில் அவர் நடந்த பாதையைக் கோடு போட்டுப் பாருங்கள். சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி இருந்தால், எங்கே கை வைக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

குறைந்தது மூன்று மாற்றங்களைப் பதிவு செய்யுங்கள், அதில் ஒன்று இரவு ஷிஃப்டில். பகல் ஷிஃப்டில் மேலாளர் நிற்க, மூத்த ஃபிட்டர் செய்கிற மாற்றம் மட்டும் போதாது. படம் எடுப்பதற்கு முன்பே, இது யாரையும் பிடிப்பதற்காக அல்ல என்று சொல்லிவிட வேண்டும். சொல்வதோடு நில்லாமல், படத்தை அந்த ஆட்களையே உட்கார வைத்துப் போட்டுக் காட்டி, அவர்கள் வாயாலேயே ஒவ்வொரு அசைவுக்கும் பெயர் வைக்கச் சொல்லுங்கள். பாதி யோசனைகள் அந்த அறையிலேயே வந்துவிடும். படத்தை மேலாளர்கள் மட்டும் பார்த்துத் தீர்மானித்த இடங்களில் இரண்டே மாதத்தில் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும்.

பிளாஸ்டிக் மோல்டிங் இயந்திரத்தில் மோல்டு (உருகிய பிளாஸ்டிக்குக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்ற 82 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரித்தால் இப்படி வரலாம்: அடுத்த மோல்டைத் தேடிக் கொண்டுவர 11, கிரேனுக்குக் காத்திருக்க 9, தண்ணீர் ஹோஸ்களைக் கழற்றி மாட்ட 10, பழைய மோல்டை இறக்கிப் புதியதை ஏற்ற 12, மோல்டு சூடேற 16, பேரலில் (பிளாஸ்டிக்கை உருக்கும் உருளையில்) இருக்கும் பழைய பிளாஸ்டிக்கை வெளியேற்ற 6, சோதனை ஓட்டமும் சரிசெய்தலும் தரப்பிரிவின் ஒப்புதலும் 18.

இதில் உண்மையான மாற்றம் 12 நிமிடம்தான். மீதி 70 நிமிடம் அதைச் சுற்றியுள்ள தேடலும் காத்திருப்பும் திருத்தலும்.

மோல்டு தேடுவது பூஜ்யமாகிவிடும், பழைய வேலை ஓடும்போதே புதிய மோல்டு இயந்திரத்தின் பக்கத்துக்கு வந்துவிட்டால். கிரேனை முன்கூட்டியே அந்த நேரத்துக்குக் குறித்து வைத்தால் அதுவும் போகும். மோல்டை வெளியே ஒரு வெப்பக் கருவியில் மாட்டிச் சூடேற்றி வைத்தால் 16 என்பது 3 ஆகும். எட்டு ஹோஸ்களைத் தனித்தனியாக மாட்டுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே தகட்டில் சேர்த்து விரைவு இணைப்பு போட்டால் 10 என்பது 2. இறக்கி ஏற்றுவது 10, பிளாஸ்டிக் வெளியேற்றம் 4, போன முறை நன்றாக ஓடிய அமைப்புகளை எழுதி வைத்து அதையே போட்டால் சோதனை 8. மொத்தம் 27. மூன்றில் ஒரு பங்கு. விலை உயர்ந்த காந்தப் பிடிமானம் எதுவும் வாங்காமலே.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒருவர் மோல்டு பகுதியில் கை வைத்திருக்கும்போது இன்னொருவர் பிளாஸ்டிக்கை வெளியேற்றினால் ஆறு நிமிடம் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். 200 டிகிரிக்கு மேல் இருக்கும் உருகிய பிளாஸ்டிக் தெறிக்கும் இடம் அது. இணையாகச் செய்யக்கூடிய வேலை எது, கூடாத வேலை எது என்பதை முதலில் பாதுகாப்பு தீர்மானிக்கட்டும். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடும் நேரமும் அப்படியே. அதைக் குறைக்கத் தொடாதீர்கள், பூட்டும் இடத்தை அருகில் கொண்டுவருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போல்ட்டும் சரிசெய்தலும்

ஷிங்கோ கொடுத்த ஒரு கணக்கு பெரும்பாலும் மறந்துபோகிறது. பழைய முறை செட்டிங்கில் முன்னேற்பாட்டுக்கும் கருவி சேகரிப்புக்கும் 30 விழுக்காடு, கழற்றி மாட்டுவதற்கு வெறும் 5, மையப்படுத்தி அளவு வைப்பதற்கு 15, சோதனை ஓட்டத்துக்கும் சரிசெய்தலுக்கும் 50. புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாரும் போய் விழுவது அந்த 5 விழுக்காட்டில். நியூமேட்டிக் ரென்ச் வாங்குவார்கள், ஹைட்ராலிக் கிளாம்ப் வாங்குவார்கள், பட்ஜெட் தீர்ந்துவிடும், நேரம் அசையாது.

போல்ட்டிலும் செய்ய வேண்டியது உண்டு, ஆனால் அது மலிவானது. பதினைந்து மரைகள் உள்ள போல்ட்டில் இறுக்குவது கடைசிச் சுற்று மட்டும், தளர்த்துவது முதல் சுற்று மட்டும். நடுவில் உள்ள பதினான்கும் வெறும் பயணம். துளையைப் பேரிக்காய் வடிவில் வெட்டினால், பெரிய பக்கத்தில் தலையை நுழைத்துச் சிறிய பக்கத்துக்கு நகர்த்தி ஒரே சுற்றில் இறுக்கலாம். நட்டின் வெளி அளவு பொருளின் துளையைவிடச் சிறியதாக இருந்தால், நட்டை ஒரு சுற்று தளர்த்தி யூ வடிவ வாஷரை உருவிவிட்டு, நட்டை முழுக்கக் கழற்றாமலேயே பொருளை வெளியே எடுத்துவிடலாம். இயந்திரத்தில் உள்ள எல்லா போல்ட் தலைகளையும் ஒரே அளவாக்குங்கள். மூன்று ஸ்பேனர் தேவைப்படும் இடத்தில் ஒன்று எப்போதும் காணாமல்தான் போயிருக்கும்.

பெரிய அறுவடை அந்த 50 விழுக்காட்டில் இருக்கிறது. சரிசெய்தல் என்றால் என்ன? எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாததால் வைத்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, நகர்த்தி, மறுபடி ஓட்டிப் பார்ப்பது. இடம் நிலையாகிவிட்டால் இது முழுக்கப் போய்விடும். மூன்று டைகளின் மூடிய உயரம் (இரண்டு பாதிகளும் சேர்ந்து மூடியிருக்கும்போது உள்ள உயரம்) 300, 320, 345 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு முறையும் பிரஸ்ஸின் உயரத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். முதல் டைக்கு அடியில் 45, இரண்டாவதுக்கு 25 மில்லிமீட்டர் கட்டையை நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் மூன்றும் 345. பிரஸ்ஸைத் தொடவே வேண்டாம். பிடிக்கும் விளிம்பின் தடிமனையும் இதே போல் ஒன்றாக்கினால் ஒரே கிளாம்ப் எல்லாவற்றுக்கும் போதும். பக்கவாட்டில் நிறுத்தும் முளைகள் வைத்தால் டை தானாகவே மையத்தில் போய் உட்காரும்.

திருகும் குமிழ்களில் எண் இல்லாத இடமெல்லாம் பிரச்சினைதான். 'கொஞ்சம் இறுக்கு', 'ஒரு முடி அளவு தள்ளு' என்று மூத்தவர் சொல்வதில் உண்மையான திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர் விடுப்பில் போன அன்று செட்டிங் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். குமிழுக்கு அளவுகோல் ஒட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் அவர் வைக்கும் எண்ணை எழுதி வைத்தால், அந்தத் திறமையைப் புதிய சிக்கல்களுக்குப் பயன்படுத்த அவருக்கும் நேரம் கிடைக்கும்.

அரங்கில், ஓடுபாதையில்

அறுவை அரங்கில் இதே பிரிவினை அப்படியே வேலை செய்கிறது. நோயாளியின் சக்கரப் படுக்கை வெளியே போனதிலிருந்து அடுத்த படுக்கை உள்ளே வருவது வரை மாற்று நேரம். அடுத்த அறுவைக்கான கருவிகள், அந்த அறுவை மருத்துவர் விரும்பும் தையல் நூல், கையுறை அளவு எல்லாம் ஒரே வண்டியில் முன்பே அடுக்கப்பட்டு வெளியே நிற்க வேண்டும். துப்புரவுக் குழுவை நோயாளி வெளியேறிய பிறகு அழைத்தால் பத்து நிமிடம் போச்சு. தையல் போடத் தொடங்கும்போதே அழைக்க வேண்டும். வசதி உள்ள இடங்களில் அடுத்த நோயாளிக்குப் பக்கத்து அறையிலேயே மயக்க மருந்து கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள், அதுவும் நின்ற நேரத்திலிருந்து ஓடும் நேரத்துக்கு நகர்த்துவதுதான்.

தொழிற்சாலையிலிருந்து வருபவர் இங்கே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கிருமிநாசினி பரப்பில் ஈரமாக எத்தனை நிமிடம் இருக்க வேண்டும் என்பது அந்த மருந்தின் லேபிளில் இருக்கும். அது வீண் காத்திருப்பு மாதிரித் தெரியும், ஆனால் கிருமி சாவது அந்த நிமிடங்களில்தான். உடனே துடைத்துவிட்டால் அறை பளபளக்கும், சுத்தமாகியிருக்காது. மருந்துத் தொழிற்சாலையில் ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது லைனில் பழைய மாத்திரை, பழைய லேபிள் ஒன்றுகூட இல்லை என்று இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்திடுவதும் அதே ரகம். எந்தக் காத்திருப்பு வேலை செய்கிறது, எந்தக் காத்திருப்பு வெறுமனே நிற்கிறது என்று அந்தத் துறையின் ஆளைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

துறை விட்டுத் துறை கற்றதற்கு லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை நல்ல சான்று. இதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவிடம் ஒப்படைக்கும்போது குழாய்களும் கம்பிகளும் தகவல்களும் ஒரே நேரத்தில் கை மாறின, எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். அவர்கள் ஃபெராரியின் ஃபார்முலா ஒன் குழுவிடம் போய், பிட் ஸ்டாப் (பந்தயத்தின் நடுவில் காரை நிறுத்தி டயர் மாற்றுவது) எப்படி நடக்கிறது என்று கேட்டார்கள். அங்கிருந்து எடுத்துக்கொண்டது வேகத்தை அல்ல. யார் தலைமை, யார் எங்கே நிற்க வேண்டும், முதலில் கருவிகள், பிறகுதான் தகவல், யார் எப்போது பேசலாம் என்ற ஒழுங்கை. 2007இல் வெளியான ஆய்வின்படி ஒரு ஒப்படைப்பில் நடக்கும் தொழில்நுட்பப் பிழைகள் சராசரியாக 5.42இலிருந்து 3.15 ஆகவும், விடுபட்ட தகவல்கள் 2.09இலிருந்து 1.07 ஆகவும் குறைந்தன. நேரமும் 10.8 நிமிடத்திலிருந்து 9.4 ஆயிற்று, ஆனால் அது உபரி லாபம்தான்.

விமானத்தில் பாடம் வேறு. சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 1972இல் பண நெருக்கடியில் தன் நான்கு போயிங் 737களில் ஒன்றை விற்றது. நான்கு விமானங்களுக்குப் போட்ட கால அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்ட வேண்டும் என்பதால், நிலையத்தில் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிடமாக்கினார்கள். விமானம் நிற்கும்போது எரிபொருள், சாமான், துப்புரவு, பயணிகள் இறக்கம், ஏற்றம் என்று பல சங்கிலிகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். இதில் மிக நீளமான சங்கிலிதான் மொத்த நேரத்தைத் தீர்மானிக்கும், அது பெரும்பாலும் பயணிகள் இறங்கி, துப்புரவாகி, ஏறுவது. எரிபொருள் நிரப்புவதில் மூன்று நிமிடம் மிச்சப்படுத்தினால் எரிபொருள் வண்டி மூன்று நிமிடம் முன்னதாகச் சும்மா நிற்கும், விமானம் கிளம்பாது. எந்த மாற்றத்திலும் முதலில் அந்த நீளமான சங்கிலியைக் கண்டுபிடியுங்கள். அதை வெட்டிய பிறகு இரண்டாவதாக இருந்தது இப்போது முதலாவதாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வரிசை மாற்றினாலே பாதி குறையும்

பெயிண்ட், அச்சு, சாயம், தின்பண்டம், பிளாஸ்டிக் போன்ற தொழில்களில் மாற்று நேரம் எதிலிருந்து எதற்கு மாறுகிறோம் என்பதைப் பொறுத்தது. வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போக பத்து நிமிடம் போதும் என்றால், கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு மணி நேரம் கழுவ வேண்டியிருக்கும். அதனால் வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடித்து ஒரே ஒரு பெரிய கழுவல். உணவில் ஒவ்வாமை தரும் பொருள் இல்லாதவை முதலில், நிலக்கடலை போன்றவை கடைசியில். ஒரு தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கம் 'இதிலிருந்து', மேலே 'இதற்கு' என்று எழுதி ஒவ்வொரு கட்டத்திலும் நிமிடத்தை நிரப்பிவிட்டால், திட்டமிடுபவர் கண்ணை மூடிக்கொண்டு அவசர ஆர்டரை நடுவில் செருகும்போது அதன் விலை என்னவென்று காட்டலாம்.

அலுவலக வேலையில் இந்த நேரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மென்பொருள் வெளியீட்டுக்கு ஒரு நாள் முழுக்கப் பிடிக்கிறது என்றால் குழு மாதத்துக்கு ஒரு முறைதான் வெளியிடும். நூறு மாற்றங்கள் ஒன்றாகப் போகும். ஏதாவது உடைந்தால் நூறில் எது என்று தேட வேண்டும். பயம் கூடும், இன்னும் சோதனை, இன்னும் ஒப்புதல், வெளியீடு இன்னும் நீளும். பிரஸ் ஷாப்பில் நடப்பது இங்கேயும் நடக்கிறது: மாற்றுவது வலிக்கிறது என்பதால் பெரிய லாட் (ஒரே ஓட்டத்தில் செய்யும் தொகுதி), பெரிய லாட் என்பதால் மாற்றுவது இன்னும் வலி. மருந்தும் அதேதான். சோதனைகள் தானாக ஓடட்டும், அமைப்புகள் எழுதி வைத்த கோப்பிலிருந்து வரட்டும், திரும்பப் பெறும் வழி முன்பே தயாராக இருக்கட்டும்.

மிச்சமான நேரத்தை என்ன செய்வது

இங்கேதான் பெரும்பாலான நிறுவனங்கள் கோட்டை விடுகின்றன. 90 நிமிடம் 30 ஆனது, கைதட்டல், புகைப்படம். அடுத்த வாரம் மிச்சமான நேரத்தில் அதே பொருளை இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓட்டி, கிடங்கை நிரப்புவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு இயந்திரம், எட்டுப் பொருட்கள். வாரத்துக்கு 110 மணி நேரம் கிடைக்கிறது, தேவையான அளவு உற்பத்திக்கு 95 மணி நேரம் போகிறது. மாற்றங்களுக்கு மிச்சம் 15 மணி நேரம். ஒரு மாற்றம் 90 நிமிடம் என்றால் வாரத்துக்குப் பத்து மாற்றங்கள், ஒவ்வொரு பொருளும் வாரத்துக்கு ஒரு முறைதான் ஓடும். வாடிக்கையாளர் தவறவிட்ட ஆர்டரைச் சொன்னால் 'அடுத்த வாரம்' என்பதுதான் பதில். 30 நிமிடமானால் முப்பது மாற்றங்கள், ஒவ்வொரு பொருளும் ஏறத்தாழ இரண்டு நாளைக்கு ஒரு முறை. 10 நிமிடமானால் தொண்ணூறு, எல்லாப் பொருளும் தினமும். உற்பத்தி அளவு மாறவே இல்லை, ஆனால் ஒரு வாரத்துக்கான இருப்பு ஒரு நாளுக்கானதாகச் சுருங்கிவிட்டது. முதல் நாள் காலையில் தவறான அளவில் அடித்த துண்டு வாரக்கடைசியில் பொருத்தும் இடத்தில் கண்டுபிடிக்கப்படும் கதையும் முடிகிறது, ஏனென்றால் அடுத்த நாளே தெரிந்துவிடும்.

லாட் அளவுக்கான வர்க்கமூலச் சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் 1913இல் கொடுத்தார். செட்டிங் செலவு நாலில் ஒன்றானால் சிக்கன லாட் (செட்டிங் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்து மிகக் குறைவாகும் அளவு) பாதியாகும், ஒன்பதில் ஒன்றானால் மூன்றில் ஒன்றாகும். சூத்திரத்தில் பிழை இல்லை. செட்டிங் செலவை வானத்திலிருந்து விழுந்த எண்ணாக எடுத்துக்கொண்டு, லாட் அளவை மட்டும் கணக்குப் போடுவதுதான் பிழை.

கணக்குப் பிரிவிடம் ஒரு சண்டை போட வேண்டியிருக்கும். செட்டிங் நேரத்தை இயந்திரத்தின் மணிநேர விலையால் பெருக்கி, அதுதான் செட்டிங் செலவு என்பார்கள். எல்லா வேலையும் தேங்கி நிற்கிற, ஒரு நிமிடம்கூடச் சும்மா இல்லாத இயந்திரத்துக்கு அது சரி, அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் விற்பனை. ஆனால் நாளில் மூன்று மணி நேரம் சும்மா நிற்கும் இயந்திரத்தில் இன்னொரு முறை மாற்றினால் உண்மையான செலவு கழிவுத் துண்டுகளும் கொஞ்சம் துப்புரவுப் பொருளும்தான். அங்கே செட்டிங்கைக் குறைக்காமல் இன்றே லாட்டைப் பாதியாக்கலாம். யாரும் செய்வதில்லை, ஏனென்றால் அறிக்கையில் இயந்திரப் பயன்பாட்டு விழுக்காடு குறைவாகத் தெரியும்.

சராசரியை நம்பவும் வேண்டாம். பத்து மாற்றங்களில் எட்டு 20 நிமிடத்திலும் இரண்டு 55 நிமிடத்திலும் முடிந்தால் சராசரி 27. ஆனால் திட்டமிடுபவர் மனத்தில் 55 தான் நிற்கும், அதற்கேற்பத்தான் இருப்பு வைப்பார். அதனால் மிகக் குறைந்த நேரத்துக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு புள்ளியாகத் தாளில் வைத்து, மேலே போன புள்ளிகளுக்கு மட்டும் காரணம் கேளுங்கள். பரிசு வைத்தால் நேரம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் ஆட்கள் நகர்த்துவார்கள். வண்டியில் எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கும் அட்டையும் இந்தப் புள்ளிகளிலிருந்துதான் வளர வேண்டும். முதல் நாளே நாற்பது வரி எழுதிய அட்டையை ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

அந்த மேலே போன புள்ளிகளைத் துருவினால் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும்: டை பழுதோடு அலமாரிக்குத் திரும்பியிருக்கும். போன ஓட்டத்தின் முடிவில் விளிம்பில் பிசிறு விழ ஆரம்பித்திருக்கும், லாட் முடிந்துவிட்டதால் யாரும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அதை ஏற்றி, ஏன் சரியாக வரவில்லை என்று ஒரு மணி நேரம் சரிசெய்துகொண்டிருப்பார்கள். கடைசியாக விழுந்த துண்டைக் கம்பியால் டையிலேயே கட்டி, தேதியும் அதுவரை அடித்த எண்ணிக்கையும் எழுதிய அட்டையோடு, டைகளைப் பழுதுபார்க்கும் டூல் ரூமுக்கு அனுப்புங்கள். டூல் ரூம் அந்தத் துண்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடாத எந்த டையும் அலமாரிக்குத் திரும்பக் கூடாது.